நூற்றியொரு கண்ணி

அவனியாபுரம்,
14.7.2024

தங்கச்சி ஜோதிக்கு,

அண்ணன் காசிமாயன் எழுதுவது. இங்கே நானும் உன் மதினி பாண்டீஸ்வரியும் இருக்கிறோம். அங்கே நீ, உன் வீட்டுக்காரர், பிள்ளை மூவரும் சுகமா என்று கேட்கும் யோக்கியதை எனக்கு உண்டா தெரியவில்லை. ஆனாலும் கேட்டுவிட்டேன்.

பன்னிரண்டு வருடம் கழித்து எழுதுகிறேன். நீ அந்த வடக்கத்திக்காரரைக் கட்டிக்கொண்டு மாட்டுத்தாவணியில் பஸ் ஏறின அன்றைக்கு, 'இனிமே ஒன் கொரல் என் காதுல விழுகக் கூடாது'ன்னு நான் கத்தியது உனக்கு மறந்திருக்காது. எனக்கும் மறக்கவில்லை. சொன்னது சொன்னதுதான். அதனால்தான் போன் போடாமல் கடிதம் எழுதுகிறேன்.

வருடா வருடம் தை பிறந்ததும் உன் பார்சல் வந்துவிடும். உள்ளே என்ன என்றுகூடப் பார்க்காமல் பீரோ மேல் போட்டுவிடுவேன். இப்போது என் ஆட்டோவை எதிர் வீட்டு விருமாண்டி ஓட்டுகிறான். நான் கொஞ்ச நாளாக வீட்டோடு இருக்கிறேன். எத்தனை நேரம்தான் டி.வி. பார்ப்பது? போன வாரம் உன் மதினியிடம் சொல்லி பத்து பார்சலையும் இறக்கிப் பிரிக்கச் சொன்னேன்.

பத்தும் கம்பளி! மதுரையில், அதுவும் அவனியாபுரத்தில், கம்பளி! உன் மதினி விழுந்து விழுந்து சிரித்தாள். 'ஒங்க தங்கச்சிக்கு நம்ம ஊரு வெயிலு மறந்துபோச்சா, இல்ல ஒங்கள அவிச்சு எடுக்கணும்னு நெனைக்கிறாளா?'

நானும் சிரித்தேன், இந்த வருடத்துச் சால்வையைப் பிரிக்கும் வரைக்கும். அதைப் பார்த்த பிறகு சிரிப்பு வரவில்லை. சிவப்புக்குள் வெள்ளை, வெள்ளைக்குள் சிவப்பு என்று கோலம் கோலமாக ஓடுகிறது. வண்டியைக் கழற்றி மாட்டத் தெரிந்தவன் நான். ஒரு பொருளைப் பார்த்தால் அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுவேன். இதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் ஒன்றும் விளங்கவில்லை. ஒரே நேரத்தில் எத்தனை நூலைக் கையில் பிடித்தாய்? மனுசக் கை செய்த வேலையா இது?

சால்வைக்குள் ஒரு போட்டோவும் இருந்தது. பிள்ளை நம் அம்மா ஜாடை. பத்து வயது இருக்குமா? காதில் ஒன்றும் இல்லையே, கழற்றி வைத்திருக்கிறாயா?

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடுவதும் போடாததும் உன் இஷ்டம்.

காசிமாயன்


கேலாங்,
இமாச்சலப் பிரதேசம்,
2.8.2024

அண்ணனுக்கு,

நாகஜோதி எழுதுகிறேன். நானும் அவரும் மகளும் நல்லபடியாக இருக்கிறோம். நீங்களும் மதினியும் நல்லபடியாக இருக்க வேண்டும்.

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டேன். டியூட்டி நேரம். கூட வேலை பார்க்கும் நர்ஸ் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தாள். அழுது முடித்துவிட்டுத்தான் படித்தேன்.

சால்வை மாயம் ஒன்றுமில்லை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு நூல்தான் கையில் இருக்கும். இரண்டு வரிசை சிவப்பில் பின்ன வேண்டும். அடுத்த இரண்டு வரிசை வெள்ளையில். அந்த வெள்ளை வரிசையில் போகும்போது, கோலத்தில் எங்கே சிவப்புத் தெரிய வேண்டுமோ அங்கே ஊசியில் வளையமாக நிற்கும் சிவப்புக் கண்ணியைப் பின்னாமல், அப்படியே இந்த ஊசியிலிருந்து அந்த ஊசிக்கு மாற்றிவிட வேண்டும். அவ்வளவுதான். பின்னாமல் விட்ட கண்ணி மேலே ஏறி வந்து வெள்ளைக்கு நடுவில் சிவப்பாக நிற்கும். நான் முதல்முறை பார்த்தபோது பக்கத்து வீட்டுப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, மறுபடி செய்து காட்டு என்று கெஞ்சினேன்.

மகள் பெயர் செல்லக்கிளி. இந்த ஊர் வாத்தியார்களுக்கு வாயில் நுழையவில்லை. கிளி என்று கூப்பிடுகிறார்கள். பத்து வயது முடிந்துவிட்டது. தோட்டைக் கழற்றி வைக்கவில்லை. அவளுக்கு இன்னும் காதே குத்தவில்லை. இவர் வீட்டில் எத்தனையோ தடவை கேட்டுவிட்டார்கள். எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவோம் என்று சொல்லிவிட்டேன். மாமன் எங்கே என்று கேட்டார்கள். வருவார் என்றேன்.

போன மார்கழியில் கிளியே கேட்டாள், 'எனக்கு நிஜமா மாமாஜி இருக்காரா, இல்ல நீ கதை விடுறியா?' அதனால்தான் இந்தத் தடவை போட்டோவும் வைத்தேன்.

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவே இல்லையே?

நாகஜோதி


அவனியாபுரம்,
28.8.2024

தங்கச்சி ஜோதிக்கு,

நாங்கள் சவுக்கியம். நீங்கள் மூவரும் அப்படியே என்று நினைத்துக்கொள்கிறேன். நான் எப்போதிலிருந்து உனக்கு 'நீங்கள்' ஆனேன்? மண்டையில் கொட்டினால்தான் பழைய மாதிரி பேசுவாயா?

பத்து வயதுப் பெண்பிள்ளை மூளிக் காதோடு திரிவதற்கு நான் காரணம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. உன் மதினி எதிரே உட்கார்ந்து ஒரே வார்த்தைதான் சொன்னாள். 'தையில வைங்க.' வைத்துவிடுவோம். செக்கானூரணி தாண்டி நம் குலசாமி கோயிலிலேயே வைப்போம்.

மாமன் சீரென்றால் எல்லோரும் செய்கிற மாதிரி தோடும் பட்டுப்பாவாடையும் உண்டு. ஆனால் என் கையால் செய்த ஒன்றும் அவளுக்கு வேண்டும் என்று தோன்றிவிட்டது. வேறென்ன, சால்வைதான்! விருமாண்டியை வண்டி எடுக்கச் சொல்லி கோரிப்பாளையம் போனேன். அங்கே மெஹருன்னிசா அக்கா என்று ஒருவர் வளையல், நூல், பாசி எல்லாம் வைத்துக் கடை நடத்துகிறார். நிட்டிங் ஊசி வேண்டும் என்றதும் மீசையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். 'யாருக்கு தம்பி?' என்றார். எனக்குத்தான் என்றேன். அப்புறம் ஸ்டூலை இழுத்துப் போட்டு, கண்ணி ஏற்றுவதற்கும் பின்னுவதற்கும் ஒரு மணி நேரம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். மாம்பழ மஞ்சளும் நாவல்பழக் கலரும் வாங்கிவந்தேன்.

கோலம் எப்படிப் போட வேண்டும் என்று உன் சால்வையைப் பார்த்து எண்ணினேன். மூன்று பின்னி ஒன்று மாற்று, மூன்று பின்னி ஒன்று மாற்று, கடைசியில் மூன்று. சரிதானே? முதல் வரிசையிலேயே கடைசியில் கணக்கு இடிக்கிறது. மூன்று மிஞ்ச வேண்டிய இடத்தில் ஒன்றுதான் மிஞ்சுகிறது. சரி போகட்டும் என்று மேலே ஏறினால் கோலம் குடித்தவன் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து போகிறது. மூன்று தடவை அவிழ்த்துவிட்டேன். கண்ணி நூற்றியொன்று ஏற்றியிருக்கிறேன். எங்கே தப்பு?

பழகுவதற்குப் பின்னிய துண்டு ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். பார்த்துச் சொல். சிரிக்காதே.

அண்ணன்,
காசிமாயன்


கேலாங்,
17.9.2024

அண்ணே,

உனக்கும் மதினிக்கும் எங்கள் அன்பு. இங்கே ஆப்பிள் முடியப் போகிறது, குளிர் ஆரம்பித்துவிட்டது. நாங்கள் சுகம்.

சிரிக்காதே என்றாய். மன்னித்துக்கொள். நூற்றியொன்றா? சீர்த்தட்டு பதினொன்று, இருபத்தொன்று என்று ஒற்றைப்படையில் அடுக்குவதுபோல கண்ணியையும் நூற்றியொன்று ஏற்றிவிட்டாய், அப்படித்தானே? உலகத்தில் எந்த ஊரில் யார் இந்தத் தப்பைச் செய்வார்கள்! நான் விளக்கிச் சொன்னதும் கிளி கட்டிலில் உருண்டு சிரித்தாள்.

இந்தக் கோலத்துக்கு நான்கு நான்காகப் போய்க் கடைசியில் மூன்று மிஞ்ச வேண்டும். தொண்ணூற்றொன்பது என்றால் சரியாக உட்காரும். உன்னிடம் இரண்டு கண்ணி அதிகம். ஆனால் அவிழ்க்காதே அண்ணே. இந்த ஓரத்தில் ஒன்று, அந்த ஓரத்தில் ஒன்று என்று இரண்டு கண்ணியைக் கோலத்தில் சேர்க்காமல் விட்டுவிடு. வரிசை தொடங்கும்போது ஒன்று, முடிக்கும்போது ஒன்று, வெறுமனே பின்னு. கரை ஆகிவிடும். நடுவில் தொண்ணூற்றொன்பதும் கோலத்துக்கு. உன் சீருக்கு நூற்றியொன்றும் நிற்கும். இதை எண்ணிப் பார்த்தபோது எனக்கே புல்லரித்தது. கரை இல்லாத சால்வையைத்தான் நான் இத்தனை வருடமும் பின்னிக்கொண்டிருக்கிறேன், ஓரம் சுருண்டுகொள்கிறது என்று புலம்பிக்கொண்டு!

கண்ணியை மாற்றும்போது நூல் எப்போதும் பின்பக்கமாகப் போக வேண்டும், முன்னால் வந்தால் கோலத்தின் மேல் கோடு விழும்.

இன்னொன்று. நீளமான ஊசி வாங்கிக்கொள். கைலியின் மேல் பச்சை பெல்ட் கட்டுவாயே, இடது பக்கத்து ஊசியின் குமிழை அந்த பெல்ட்டுக்குள் இறுகச் சொருகிவிடு. ஊசி ஆடாது. கண்ணிகளை நுனிக்குத் தள்ளுவதற்குக் கொஞ்சம் மெழுகு தேய்த்துக்கொள். நூலை வலது ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டால் வேலை எல்லாம் வலது கைக்குத்தான். இங்கே சிலர் இப்படித்தான் பின்னுகிறார்கள்.

நீ அனுப்பிய துண்டை நான் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

உன்,
ஜோதி


கேலாங்,
20.11.2024

அண்ணே,

நீயும் மதினியும் சுகமா? இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நடுவில் தீபாவளி வந்து போய்விட்டது. தபால்காரர் என்னைப் பார்த்தாலே தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார்.

பெல்ட் விஷயத்தை நான் எழுதியிருக்கக் கூடாதோ? எழுதாமலும் இருக்க முடியவில்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீ அனுப்பிய துண்டில் ஏழு எட்டுக் கண்ணிக்கு ஒன்று தொளதொளவென்று நீண்டு கிடந்தது. முதலில் பழகாத கை என்று நினைத்தேன். ஆனால் நடுவில் உள்ளவை எல்லாம் எண்ணி வைத்த மாதிரி ஒரே அளவு. அப்படியென்றால் ஏழு எட்டுக் கண்ணிக்கு ஒரு தடவை நீ நூலைக் கீழே விட்டுவிட்டு, வலது கையால் கண்ணிகளை நுனிக்குத் தள்ளியிருக்கிறாய். அது இடது கையின் வேலை. பின்னுகிற யாருக்கும் இடது கை அதைச் செய்வதே தெரியாது.

நான் இருபது வருடமாக நர்ஸ். அந்தத் துண்டை மடியில் வைத்துக்கொண்டு நீ எழுதிய முதல் கடிதத்தைத் திரும்பப் படித்தேன். ஆட்டோவை விருமாண்டி ஓட்டுகிறான். பார்சலைப் பிரிக்கச் சொன்னாய், நீ பிரிக்கவில்லை.

எப்போது வந்தது அண்ணே? எந்த மாதம்? மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? இவ்வளவு நாளும் எனக்குத் தெரியாமல் போனதே என்று நெஞ்சு எரிகிறது.

ஒரே ஒரு வரியாவது எழுது.

ஜோதி


அவனியாபுரம்,
3.12.2024

ஜோதிக்கு,

உயிரோடுதான் இருக்கிறோம். கவலைப்படாதே.

ஒரு சாண் கம்பளித் துண்டைப் பார்த்து ஒருத்தனுடைய உடம்பைப் படித்துவிடுவாய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டேன். கோபம்தான். இரண்டு மாதம் ஊசியைத் தொடவே இல்லை. ஆனால் உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று உன் மதினியைக் கேட்டால் சொல்லுவாள்.

போன பங்குனி. திருப்பரங்குன்றம் ரோட்டில் காலைச் சவாரி. பின்னால் ஐந்து பேர். கிளட்ச்சைப் பிடிக்கிறேன், இடது கை வரவில்லை. என் கைதான், பார்க்கிறேன், ஆனால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. எப்படியோ ஓரங்கட்டிவிட்டேன். அதற்கப்புறம் கண் விழித்தது ஆஸ்பத்திரியில்தான். பக்கவாதம் என்றார்கள். காலுக்கு உயிர் திரும்பிவிட்டது. கைக்குத் திரும்பவில்லை. தோளிலிருந்து தொங்குகிறது, விரல் மடங்கிக் கிடக்கிறது.

உனக்குச் சொல்லாததற்குக் காரணம் கேட்காதே. பன்னிரண்டு வருடம் உன்னை ஒதுக்கி வைத்துவிட்டு, கை விழுந்ததும் தங்கச்சியைத் தேடினான் என்று ஆகிவிடக் கூடாது. அவ்வளவுதான்.

இப்போது முக்கியமான விஷயம். காதுகுத்து நடக்கட்டும். சீர் செய்கிறேன். ஆனால் மடியில் நான் உட்கார வைக்க முடியாது. ஊசி ஏறும்போது பிள்ளை திமிறும். மாமன் இரண்டு கையாலும் இறுகப் பிடிக்க வேண்டும். நம் ஊரே கூடி நிற்கும்போது, பிடிக்கத் தெரியாதவன் மடியில் பிள்ளை வழுக்கி விழுந்தால் அந்த முகத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? பங்காளி வீட்டில் முத்துப்பாண்டி இருக்கிறான். உனக்கு அண்ணன் முறைதான். நல்ல திடகாத்திரம். அவன் மடியில் உட்காரட்டும். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்கிறேன்.

காசி


கேலாங்,
14.12.2024

அண்ணே,

மதினியையும் உன்னையும் கேட்டதாக இவர் சொல்லச் சொன்னார்.

முத்துப்பாண்டி அண்ணன் நல்லவர்தான். விருந்துக்கு வரட்டும், இரண்டு தடவை கறி வாங்கிச் சாப்பிடட்டும். மடிக்கு அவர் வேண்டாம்.

நீ என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாய்? இந்தப் பத்து வருடமும் என் மகளின் காது இரண்டு கைக்காகவா காத்திருந்தது? பள்ளிக்கூடத்தில் கிண்டல் செய்தார்கள். கல்யாண வீடுகளில் கிழவிகள் காதைத் தொட்டுப் பார்த்து உச் கொட்டினார்கள். ஒவ்வொரு தடவையும், என் அண்ணன் வருவான் என்றேன். நீ என்னைப் பார்க்கவே மாட்டேன் என்று உட்கார்ந்திருந்த வருடங்களில் சொன்னேன். இப்போது நீயே வாயைத் திறந்து தையில் வைப்போம் என்று எழுதிவிட்டு, ஆள் மாற்றி விடுகிறாயா? எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பேன். உன் கையை நினைத்துத்தான் கிழிக்கவில்லை.

உன் மடியில் உட்காராவிட்டால் அவள் காது இப்படியே இருக்கட்டும். நான் பிடிவாதத்தில் உனக்குத் தங்கச்சிதான்.

பனிக்கால லீவு ஜனவரியில் ஆரம்பிக்கிறது. டிக்கெட் எடுத்தாகிவிட்டது. பெல்ட்டில் ஊசியைச் சொருகு, சால்வையை முடி. மற்றதெல்லாம் அங்கே வந்து.

ஜோதி

மாமாஜி, நான் கிளி. அம்மா அழுதுகிட்டே எழுதினாங்க, அதான் இங்க்கு பரவியிருக்கு. நான் திமிற மாட்டேன். எனக்கு பத்து வயசு ஆயிடுச்சு. சால்வைல மஞ்சள் நிறைய வையுங்க.


அவனியாபுரம்,
3.1.2025

தங்கச்சிக்கும், மாப்பிள்ளைக்கும், கிளிக்குட்டிக்கும்,

எல்லோரும் சுகமாக வந்து சேர வேண்டும். நாங்கள் நன்றாக இருக்கிறோம். மாத்திரை மூன்று வேளையும் உள்ளே போகிறது. உன் மதினி போலீஸ் மாதிரி நிற்கிறாள்.

நீ திட்டியதை வாங்கிக்கொண்டேன். இப்போது சால்வையைப் பற்றி எழுதுகிறேன்.

ஜோதி, பெல்ட் வேலை செய்கிறது! குமிழைச் சொருகி உட்கார்ந்தேன், முன்பு தொடைக்கு நடுவில் இடுக்கியும் ஆடிய ஊசி கட்டிப்போட்ட மாடு மாதிரி அசையாமல் நின்றது. வலது கை ஒன்றே போகிறது, வருகிறது. ஒரு வரிசைக்குக் கால் மணி நேரம். இரண்டு வரிசை மஞ்சள், இரண்டு வரிசை நாவல். பின்னும்போது ஒன்றுமே தெரியவில்லை. வெறும் கோடு கோடாக ஏறுகிறது. பன்னிரண்டாவது வரிசை முடித்து, கையை உதறிக்கொள்ளலாம் என்று நிமிர்ந்தேன். மஞ்சளுக்குள் நாவல் நிறத்தில் பூ! ஒன்றா இரண்டா, வரிசையாக இருபத்துநான்கு. நான் பூவே பின்னவில்லை. எந்த இடத்திலும் இரண்டு நூலைத் தொடவில்லை. நான்காவது கண்ணியைப் பின்னாமல் சும்மா தூக்கி மாற்றினேன், அவ்வளவுதான் செய்தேன். அது தானாகப் பூத்து நிற்கிறது. 'ஏ பாண்டீஸ்வரி, ஓடியா!' என்று கத்தியதில் அவள் எனக்கு மறுபடி ஏதோ ஆகிவிட்டது என்று கரண்டியோடு ஓடிவந்தாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பூவைத் தடவிப் பார்த்தாள். பிறகு சொன்னாள், 'ஒங்க கையா இது?' அவள் இடது கையைப் பற்றிச் சொல்லவில்லை, வலது கையைத்தான் சொன்னாள்.

முப்பது வருடம் வண்டி ஓட்டியிருக்கிறேன். எத்தனையோ பேரை ஏற்றி இறக்கியிருக்கிறேன். கடைசியில் என் கையில் ஒன்று பூக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. தெருவில் ஒருத்தன் விடாமல் வந்து பார்த்துவிட்டுப் போகிறான். விருமாண்டி தனக்கு ஒன்று கேட்கிறான், மடையன், இந்த வெயிலுக்கு!

மடி விஷயம் எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. முடியாது என்று எழுதவும் மனம் வரவில்லை. நீங்கள் வாருங்கள்.

அண்ணன்


கேலாங்,
18.1.2025

அண்ணே,

மதினிக்கும் உனக்கும் அன்பு. அவசரமாக எழுதுகிறேன். மூட்டை கட்டியாகிவிட்டது. வெளியே முழங்கால் உயரப் பனி. தபால் முன்னால் வருமோ நாங்கள் முன்னால் வருவோமோ தெரியாது.

மதுரை ஜங்ஷனில் இறங்கியதும் என் குரல் உன் காதில் விழத்தான் செய்யும். சொன்னது சொன்னதுதான் என்றால் பஞ்சு வைத்துக்கொண்டு வா.

ஜோதி


அவனியாபுரம்,
20.2.2025

அன்புத் தங்கச்சிக்கு,

நீங்கள் போய்ச் சேர்ந்ததாக மாப்பிள்ளை போன் போட்டுச் சொன்னார். குளிரில் பிள்ளையின் காது வீங்காமல் பார்த்துக்கொள். எண்ணெய் தொட்டு வை. இங்கே வீடு வெறிச்சென்று இருக்கிறது. உன் மதினி இன்னும் ஐந்து பேருக்கு உலை வைக்கிறாள்.

இப்போது போனிலேயே பேசலாம்தான். தினமும் பேசிக்கொண்டுதானே இருக்கிறோம். இந்த ஒன்றை மட்டும் வாயால் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கோயிலில் அன்றைக்குச் சீர்த்தட்டுகளை இறக்கும்போதே நான்கு பேர் என் கையைப் பார்த்துக் குசுகுசுப்பது தெரிந்தது. முத்துப்பாண்டி பக்கத்தில் வந்து, 'அண்ணே, நான் வேணா ஒக்காரவா?' என்று காதோடு கேட்டான். நல்ல மனதோடுதான் கேட்டான். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. அதற்குள் கிளி வந்து என் மடியில் உட்கார்ந்துவிட்டாள். சால்வையை நான் போர்த்தும் வரை காத்திருக்கவில்லை. தானே எடுத்து முன்பக்கமாகப் போர்த்திக்கொண்டாள், என் இரண்டு கையும் உள்ளே போகிற மாதிரி. உச்சி வெயில். அவள் நெற்றியிலிருந்து வேர்வை என் கழுத்தில் சொட்டியது. கழற்றிக்கொள் கண்ணு என்றேன். தலையை ஆட்டிவிட்டாள்.

ஆசாரி காதைத் தொட்டதும் அவள் உடம்பு விறைத்தது. வலது கையால் அணைத்துக்கொண்டேன். இடது பக்கம் ஒன்றுமில்லை, வெறும் காற்று. அப்போது சால்வைக்குள் அவள் கை வந்தது. என் இடது கையைத் தேடி எடுத்தது. மடங்கிக் கிடந்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, தன் விரல்களை நடுவில் கோத்து, தன் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். ஊசி ஏறும்போது அழவே இல்லை. உறுமிச் சத்தத்துக்கு மேலே யாரோ, 'காசி எம்புட்டு இறுக்கிப் பிடிச்சிருக்கான் பாரு!' என்று சொன்னது உனக்கும் கேட்டிருக்கும். எல்லோரும் சிரித்தீர்கள். நீ முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டாய்.

நான் பிடிக்கவில்லை ஜோதி. யாருக்கும் தெரியாது. என்னால் முடியாது என்று உனக்குத் தெரியும். அவள்தான் என்னைப் பிடித்திருந்தாள். ஒரு பத்து வயதுப் பிள்ளை ஊர் முன்னால் என் மானத்தைக் காப்பாற்றிவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி எழுந்து போய்ப் பாயசம் குடித்தாள். அவளுக்கு இதை நீ சொல்லிக்கொடுத்தாயா? இல்லை, அவளுக்கே தோன்றியதா? எனக்குத் தெரிய வேண்டும்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்,
காசிமாயன்


கேலாங்,
6.3.2025

அண்ணே,

எல்லோரும் நலம். காது வீங்கவில்லை, ஆறிவிட்டது. மதினி மூன்று பேருக்கு உலை வைத்ததாகப் போன வாரம் போனில் சொன்னாய், இப்போது இரண்டுக்கு இறங்கியிருப்பாள் என்று நினைக்கிறேன்.

நான் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்குத் தோன்றவே இல்லை அண்ணே. அன்றைக்கு முழுதும் என் பயம் உன் பயத்தைவிடப் பெரியதாக இருந்தது.

உன் கடிதம் வந்ததும் கிளியைக் கூப்பிட்டுக் கேட்டேன், மாமாவின் கையை ஏன் எடுத்தாய் என்று. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். 'சால்வைக்குள்ள அது தனியா இருந்துச்சும்மா' என்றாள்.

இன்னொன்றும் இருக்கிறது. மறுநாள் திரும்பி வரும்போது ரயிலில் அவள் வலது கை விரல்களைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். காது வலிக்கிறதா என்றேன். 'காது வலிக்கல. மாமாஜி என் கையைப் போட்டு நசுக்கிட்டாங்க. விடவே இல்ல, அதுதான் வலிக்குது' என்று காட்டினாள். விரலிடுக்குகள் எல்லாம் சிவந்து கன்றியிருந்தன. வீடு வந்து இரண்டு நாள் கழித்துத்தான் அந்தச் சிவப்பு மறைந்தது.

நான் நர்ஸ். விழுந்துபோன கை ஏன் அப்படி இறுகும் என்று மூன்று காரணம் சொல்ல எனக்குத் தெரியும். ஒன்றையும் சொல்லப் போவதில்லை. நீ பிடித்தாய் அண்ணே. என் மகளின் கையில் நானே பார்த்தேன்.

உன்,
ஜோதி